வாசலிலே காவல்: கப்பலோடு வரும் கடலுயிர்களும் நமது கரைகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற உரைத்தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைத்தொடரில் எங்கள் வகுப்புக்கும் ஓர் இடம் தந்தபோது, அந்த நாளில் விலங்கியல் படித்த நாங்கள் நால்வர் சேர்ந்து எதைப் பற்றிப் பேசுவது என்று யோசித்தோம். உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவிகள் எல்லோருக்கும் பொதுவான ஒன்றாக இருக்கவேண்டும் என்று விரும்பினோம். நமது ஆட்கள் எங்கெங்கே கூடுதலாக இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். கொழும்பு, சென்னை, இலண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று பட்டியல் நீண்டது. எல்லாமே துறைமுக நகரங்கள். அந்தத் துறைமுகங்கள் பலவற்றில் கப்பலோடு வந்திறங்கி, பிறகு திரும்பிப் போகாத விருந்தாளி ஒன்றாவது இருக்கிறது. அந்த விருந்தாளிகளின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம். முடிவிலே சங்கத்திடம் ஒரு விண்ணப்பமும் வைப்போம்.

இங்கே இருப்பவர்களுக்குப் பாத்தீனியத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. போர்க்காலத்தில் எங்கிருந்தோ வந்து, தோட்டவெளிகளிலும் வெறுங்காணிகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்ற செடி அது. அதைப் பிடுங்கச் சிரமதானத்துக்குப் போனவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பீர்கள். கை அரித்தது, தும்மல் வந்தது. ஆனாலும் எதிரியைக் கண்ணால் கண்டோம். பூக்கமுன்னம் வேரோடு பிடுங்கினால் அடுத்த மாரியில் குறையும் என்று தெரிந்துகொண்டோம். இதேபோன்ற ஒன்று கடலுக்குள் வந்தால் என்ன செய்வோம்? அது வந்ததே நமக்குத் தெரியாது. தெரியவரும் நேரம் அது கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அதைப் பிடுங்கி எரிப்பதற்குச் சிரமதானமும் இல்லை.

கப்பல் எப்படி இவற்றைக் கொண்டுவருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். வெறுங்குடத்தைக் கிணற்று நீரில் மிதக்கவிட்டால் அது ஒரு பக்கம் சரிந்துவிடும். கொஞ்சத் தண்ணீர் உள்ளே போனால் நிமிர்ந்து நிற்கும். கப்பலும் அப்படித்தான். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகப் போகும் கப்பல் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்துவிடும். காற்றிலும் அலையிலும் தள்ளாடும். அதன் சுழலிகூட முழுதாக நீருக்குள் இராது. ஆகவே அடியில் பாரம் வேண்டும். பாய்க்கப்பல் காலத்தில் கல்லையும் மணலையும் ஏற்றினார்கள். இரும்புக் கப்பலும் நீராவிப் பம்பியும் வந்தபிறகு கடல்நீரையே தாங்கிகளில் நிரப்பத் தொடங்கினார்கள். கப்பற்காரர் இதைப் ‘பலாஸ்ட்’ என்பார்கள். நாங்கள் அடிப்பார நீர் என்று சொல்லிக்கொள்வோம். ஒரு பெரிய சரக்குக் கப்பல் பல்லாயிரம் தொன் அடிப்பார நீரைக் கொள்ளும். ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கும்போது அந்தக் கரையின் நீரை ஏற்றும். அடுத்த துறைமுகத்தில் சரக்கை ஏற்றும்போது அந்த நீரை வெளியே விடும். ஆக, கனத்த சரக்கை ஏற்றுமதி செய்கிற துறைமுகம், தான் அறியாமலே வேறொரு கரையின் கடலை இறக்குமதி செய்கிறது.

அந்த நீர் வெறும் நீரல்ல. நண்டு, மட்டி, நட்சத்திரமீன் போன்றவை முட்டையிலிருந்து வெளிவரும்போது தாயைப் போல் இருப்பதில்லை என்று நம் ரீச்சர் கரும்பலகையில் கீறிக் காட்டியது நினைவிருக்கும். குடம்பிகளாக, கண்ணுக்குப் புலப்படாத அளவில், சில நாட்களோ வாரங்களோ நீரோடு மிதந்து திரியும். பம்பியின் வாயிலுள்ள வலைக்கண் வழியே அவை தாராளமாக உள்ளே போகும். பாசிகள், அவற்றின் உறங்குநிலை வித்திகள், நோய்க்கிருமிகள்கூடப் போகும். 1991இல் தென்னமெரிக்காவில் வாந்திபேதி பரவியபோது, அந்தக் கிருமியின் அதே வகை, மெக்சிக்கோ வளைகுடாவுக்கு வந்த சில கப்பல்களின் அடிப்பார நீரில் இருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இரண்டாவது வழி கப்பலின் வெளிப்புறம். நீரில் கிடக்கும் எதிலும் பாசி பிடிக்கும். பின்னர் கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு எல்லாம் ஒட்டும். இது நமக்குப் புதினமல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. மரக்கலத்தின் அடியில் என்னென்ன ஒட்டும் என்பதை அதைக் கட்டிய மேத்திரிமார் நன்றாக அறிந்திருப்பார்கள். அன்றைக்கு இருந்தது ஆறுதலான பயணம். இன்றைக்குக் கப்பல்கள் விரைவாகப் போகின்றன. எண்ணிக்கையும் மிக அதிகம். இருட்டுத் தாங்கிக்குள் பெரும்பாலான உயிர்கள் செத்துவிடும் என்பது உண்மை. தப்பி இறங்குபவற்றிலும் அனேகமானவை புதுக்கரையின் உப்போ வெப்பமோ ஒத்துவராமல் அழிந்துவிடும். ஆனால் இறக்குவது நாள்தோறும் நடக்கிறது. ஒன்றுக்கு ஒத்துவந்தாலே போதும்.

அப்படி ஒத்துவந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கருங்கடலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அத்திலாந்திக் கரைக்குச் சொந்தமான ஓர் உயிர் அங்கே காணப்பட்டது. பார்வைக்கு நம் சொறிமுட்டை போல இருக்கும். ஆனால் சொறிமுட்டை இனமல்ல, சுணைக்கவும் சுணைக்காது. கண்ணாடி போன்ற உடலில் சீப்புப் பல் மாதிரி வரிசைகள் ஓடும். ஆணும் பெண்ணும் ஒரே உடலில் இருப்பதால் துணை தேட வேண்டியதில்லை. மீன்குஞ்சுகள் தின்னும் மிதவை உயிர்களைத் தின்னும். மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். தன் சொந்தக் கடலில் அதைத் தின்னும் உயிர்கள் இருந்தன. கருங்கடலில் ஒன்றுமே இல்லை. 1980களின் முடிவுக்குள் அந்தக் கடல் முழுவதும் அதுவாகிவிட்டது. துருக்கிக் கரையின் ஏழை பணக்காரர் எல்லோருக்கும் உணவான கம்சி மீன், நம் நெத்தலியின் உறவுக்காரன், பிடிபடுவது சட்டென்று விழுந்தது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததும், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய பசளைக் கழிவும் அந்தக் கடலை முன்னரே பலவீனப்படுத்தியிருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பலவீனமான வீட்டுக்குள் புகுவது சுலபம்.

கதை அதோடு முடியவில்லை. 1997இல், அந்த உயிரையே தின்னும் இன்னொரு சீப்புச்சொறி கருங்கடலில் காணப்பட்டது. அதையும் கொண்டுவந்தது கப்பல்தான் என்று நம்புகிறார்கள். அதன்பிறகு நிலைமை ஓரளவு தேறியது. ஆனால் அதற்குள் முதலாவது விருந்தாளி வொல்கா–தொன் கால்வாய் வழியாகக் கஸ்பியன் கடலுக்குப் போய்விட்டது. 1999இல் அங்கே அதைக் கண்டார்கள். ஈரான் மீனவர்கள் பிடித்துவந்த சிறுமீன் அடுத்த சில ஆண்டுகளில் பெருமளவு குறைந்துபோனது.

இனி நமது கிளைகள் இருக்கும் ஊர்களுக்கு வருவோம்.

ரொறன்ரோத் தங்கைமார் கோடையில் பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போயிருப்பீர்கள். மணலில் கிடக்கும் கூரிய, வரிவரியான சின்னச் சிப்பியோடுகளை மிதித்து ‘ஆ’ என்றிருப்பீர்கள். அவை அந்த ஏரிக்குரியவை அல்ல. கருங்கடல், கஸ்பியன் பக்கத்து ஆறுகளுக்குரிய வரிச்சிப்பி அது. 1988இல் சென் கிளயர் ஏரியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஏரி நன்னீர்தான், ஆனால் 1959இல் திறந்த சென் லோரன்ஸ் கடல்வழி அந்த ஏரிகளைக் கடற்கப்பல்களுக்கு வாசலாக்கியிருந்தது. ஒரு பெண் சிப்பி ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் முட்டைவரை விடக்கூடியது. 1989இல் மிச்சிகன் மாநிலத்தின் மொன்றோ நகரத்தில் குடிநீர்க் குழாயின் வாயையே அடைத்து, ஊருக்குத் தண்ணீர் இல்லாமல் செய்துவிட்டது. பின்னர் கப்பல்கள் ஏரிகளுக்குள் நுழையமுன் தாங்கிகளைக் கடல்நீரால் அலசவேண்டும் என்ற விதியைக் கனடா 2006இலும் அமெரிக்கப் பக்கம் 2008இலும் கட்டாயமாக்கின. நன்னீர் உயிர் உப்பில் சாகும் என்ற எளிய கணக்குத்தான். அதன்பின் கப்பல் வழியாகப் புதிய இனங்கள் வந்துசேர்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்துவிட்ட வரிச்சிப்பியோ இன்றும் அங்கேயே இருக்கிறது.

இலண்டன் அக்காமாரின் தேம்ஸ் நதியில் 1935 முதல் சீனத்து நண்டு ஒன்று வாழ்கிறது. கொடுக்கில் கையுறை போட்டதுபோல மயிர் அடர்ந்திருக்கும். ஜேர்மனியில் 1912இல் தலைகாட்டியது. அடிப்பார நீரோடு வந்திருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. ஆற்றுக்கரையைக் குடைந்து குடைந்து இடிந்துவிழச் செய்கிறது. சீனத்தில் அது விலை உயர்ந்த உணவு. நண்டென்றால் கூழ்ப்பானையை நினைக்கும் நமக்கே அதைத் தின்று முடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் நதியில் குடியேறிய ஒன்றை வாயால் தின்று ஒழித்ததாக இதுவரை வரலாறு இல்லை.

மெல்பேர்ண் சகோதரிகள் வாழும் போர்ட் பிலிப் குடாவில் 1995இல் ஒரு நட்சத்திரமீன் அகப்பட்டது. வடபசுபிக் கரைகளுக்குரியது, முதலில் ரஸ்மேனியாவுக்கு வந்து, அங்கிருந்து பரவியது. ஒரு பெண் மீன் ஆண்டில் கோடிக்கு மேல் முட்டை விடும். சில ஆண்டுகளுக்குள் குடாவின் அடித்தளத்தில் கோடிக்கணக்கில் பரவி, மட்டிகளைத் தின்று தீர்க்கத் தொடங்கியது. இன்றுவரை அதை அகற்ற முடியவில்லை.

அதே அவுஸ்திரேலியாவில் ஒரு வெற்றிக் கதையும் உண்டு. எங்கள் விண்ணப்பத்துக்கு அடிப்படை இந்தக் கதைதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறோம். 1999 மார்ச் மாதம், டார்வின் நகரத்தின் படகுத்துறை ஒன்றில் ஆய்வாளர்கள் நீரில் மூழ்கிப் பார்த்தபோது, கறுப்புவரிச் சிப்பி ஒன்று சுவரிலும் கயிற்றிலும் படகடியிலும் அப்பிக்கிடந்தது. மத்திய அமெரிக்கக் கரைகளுக்குரிய இனம் அது. 1967இலேயே விசாகப்பட்டினத்துக்கு வந்துவிட்ட அதே சிப்பி. ஆறு மாதத்துக்கு முன்னர் அதே இடங்களைப் பார்த்துப் பட்டியல் எடுத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் இந்தச் சிப்பி இல்லை. ஆகவே இது புதிது என்று அன்றைக்கே அடித்துச் சொல்ல முடிந்தது. டார்வினில் வற்றுப்பெருக்கு மிக அதிகமாகையால் படகுத்துறைகளுக்கு மதகுக்கதவுகள் உண்டு. சிப்பி காணப்பட்ட மூன்று துறைகளின் கதவுகளையும் மூடினார்கள். ஏறத்தாழ 160 தொன் குளோரின் கரைசலையும் 54 தொன் மயில்துத்தத்தையும், அதாவது செப்புச் சல்பேற்றையும், கொட்டினார்கள். உள்ளேயிருந்த மற்ற உயிர்களும் செத்தன. இருபது இலட்சம் டொலருக்கு மேல் செலவானது. ஆனால் நான்கு வாரத்துக்குள் சிப்பி அழிந்தது. கடலில் காலூன்றிய ஓர் உயிரை முற்றாக அகற்ற முடிந்த மிகச் சில இடங்களில் டார்வின் ஒன்று. அதற்குக் காரணம் இரண்டு: கதவு இருந்தது, பழைய பட்டியல் இருந்தது. நமது கடல்நீரேரிக்கு மதகுக்கதவு கிடையாது. பட்டியலாவது இருக்கிறதா என்பதே எங்கள் கேள்வி.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்லவேண்டும். இந்தத் துறையில் ‘அந்நிய இனம்’, ‘ஆக்கிரமிப்பு இனம்’ என்ற சொற்கள் வழங்குகின்றன. நம்மில் பாதிப்பேர் கடல் கடந்து போய் வேறு கரைகளில் வேரூன்றியவர்கள். அந்தச் சொற்களைக் கேட்கும்போது நமக்கு ஏதோ செய்கிறது. எங்களுக்குள்ளும் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. வெளியிலிருந்து வந்தது என்பது ஒரு குற்றமே அல்ல. நம் கறித்தூளின் உயிரான மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் கப்பலில் ஏறிவந்தது. வரிச்சிப்பியும் சீப்புச்சொறியும் தத்தம் வீட்டில் சாதுவான உயிர்கள்தான். அங்கே அவற்றைத் தின்ன ஒன்று, நோய்கொடுக்க ஒன்று, இடத்துக்குப் போட்டிபோட ஒன்று என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கிலிருந்து ஓர் உயிரைப் பிரித்தெடுத்து, கடிவாளம் இல்லாத இடத்தில் இறக்கிவிடுவது மனிதர் செய்யும் வேலை. கேட்காமல் ஏற்றி, கேட்காமல் இறக்குகிற அந்தப் பழக்கத்தையே நாங்கள் குறைகூறுகிறோம்.

இப்போது நமக்கு மிக அண்மையில் வருவோம். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு சேர்கிறது. அந்தக் கழிமுகத்தில் அண்மை ஆண்டுகளில் ஒரு கருஞ்சிப்பி பாய் விரித்ததுபோலப் பரவியிருக்கிறது. மத்திய, தென்னமெரிக்கக் கரைகளுக்குரியது. பிலிப்பைன்சிலும் சிங்கப்பூரிலும் தலைகாட்டிய பிறகு, கேரளத்தின் காயல்களிலும் எண்ணூரிலும் காணப்பட்டது. கப்பல் வழியே வந்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எண்ணூர் மீனவர்கள் அதற்குக் ‘காக்கா ஆழி’ என்று பெயர் வைத்தார்கள். ஆற்றின் அடிச்சேற்றை அது மூடிவிடுவதால் இறால் புதைந்து வாழ இடமில்லை. மஞ்சள் மட்டிக்கும் இடமில்லை. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்களின் வயல் அந்தச் சேறுதான். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி அள்ளுவோர், ஒழுங்காகவும் அளவாகவும் அள்ளுகிறார்கள் என்பதற்காக 2014இல் சர்வதேசச் சான்றிதழ் பெற்றவர்கள். இந்தியாவில் அதைப் பெற்ற முதலாவது மீன்பிடி அது. அந்தக் காயலுக்குள்ளும் இதே சிப்பி புகுந்துவிட்டது. தாங்கள் ஒழுங்காக இருந்தும், கப்பல் ஒன்று கொண்டுவந்து கொட்டியதை அவர்களால் தடுக்க முடியவில்லை.

அந்தச் சிப்பிக்கு ஏறத்தாழ நன்னீரும் ஒத்துவரும், கடலைவிட உப்பான நீரும் ஒத்துவரும். சேறு, ஆழமில்லாத நீர், நட்டு வைத்த கம்பு, கட்டி வைத்த வலை எல்லாமே அதற்குப் பிடிக்கும். இதைப் படித்தபோது எங்கள் கண்ணுக்குள் வந்தது யாழ்ப்பாணக் கடல்நீரேரிதான். களங்கண்டி கட்டி இறாலுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள், நண்டு உடைத்துச் சதை எடுக்கும் நிலையங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்கள், வலைவேலி அடைத்துக் கடலட்டை வளர்ப்போர், மட்டி கிண்டுவோர். போருக்குப் பிறகு அவர்களில் பலர் வீட்டுச் சுமையைத் தனியே சுமக்கும் தாய்மார். இந்தக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் சிலரின் பள்ளிச் செலவும் அந்தச் சேற்றிலிருந்துதான் வருகிறது.

நட்டம் வந்தால் யாரிடம் கேட்பது? 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து எரிந்து, பின்னர் மூழ்கியபோது, புகையை எல்லோரும் கண்டோம். கரையொதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளைக் கையால் அள்ளினோம். கப்பலுக்குப் பெயர் இருந்தது. நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. அடிப்பார நீரில் வந்த குடம்பிக்குப் புகையும் இல்லை, பெயரும் இல்லை. ஐந்தாறு ஆண்டுக்குப் பிறகு வலை நிறையச் சிப்பி ஏறும்போது, எந்தக் கப்பல், எந்த நாள் என்று எவராலும் சொல்ல முடியாது. கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், சரக்குக்காரர் வேறொரு நாட்டில் இருப்பார்கள். கணக்கைத் தீர்ப்பவர் சேற்றில் நிற்பவர்.

உலகம் சும்மா இருக்கவில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004இல் அடிப்பார நீருக்கென ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. உலகக் கப்பற்கொள்ளளவில் 35 வீதத்தைக் கொண்ட 30 நாடுகளாவது சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று விதித்ததால் 2017 செப்ரெம்பர் 8 வரை காத்திருக்க நேர்ந்தது. முதலில் சொன்ன வழி, நடுக்கடலில் நீரை மாற்றுவது. கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பால், 200 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், பழைய நீரின் 95 வீதத்தையாவது வெளியேற்றிப் புது நீரை நிரப்புவது. கரையோர உயிர் ஆழ்கடலில் பிழைக்காது, ஆழ்கடல் உயிர் கரையில் பிழைக்காது என்பது இதன் அடிப்படை. அடுத்த படி, கப்பலிலேயே நீரைச் சுத்திகரிப்பது. வடிகட்டி, புறஊதாக் கதிரோ குளோரினோ கொண்டு கொல்வது. தலைமயிரின் தடிப்பிலும் சற்றுக் குறைவான 50 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட உயிர்கள், ஆயிரம் லீற்றர் நீரில் பத்துக்கும் குறைவாகவே உயிரோடு இருக்கலாம். 2024 செப்ரெம்பரோடு, சமவாயத்துக்கு உட்பட்ட கப்பல்கள் எல்லாம் இந்த அளவுக்கு வந்திருக்கவேண்டும் என்பது தவணை.

இது பெரிய முன்னேற்றம். ஆயினும் ஓட்டைகள் இருக்கின்றன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் சிறு கொள்கலன் கப்பலுக்கு, வழியில் 200 கடல்மைல் அப்பால் என்று ஓர் இடமே கிடையாது. ஆகவே நடுக்கடல் மாற்றம் அதற்குப் பொருந்தவில்லை, சுத்திகரிப்புப் பொறியே கதி. பொறி பூட்டியிருப்பது ஒன்று, அது ஒழுங்காக வேலைசெய்வது இன்னொன்று. அதைச் சோதிக்கவேண்டியது துறைமுகத்துக்குரிய நாடு. கப்பலின் வெளிப்புறத்தில் ஒட்டிவரும் உயிர்களுக்கு உலகளாவிய கட்டாய விதி இன்னும் இல்லை. வழிகாட்டல்கள் மட்டுமே உண்டு. நியூசீலாந்து 2018 முதல் சுத்தமான அடிப்பாகம் இல்லாத கப்பலை ஏற்பதில்லை என்று தானே விதி செய்துகொண்டது. மேலும், பெரிய கப்பல் ஒரு துறைமுகத்தில் இறக்கியதை மீன்பிடிப் படகும் கயிறும் வலையும் துறை துறையாகக் கொண்டுபோகும். பாக்குநீரிணை ஆழமில்லாததால் பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. அந்த ஆழமின்மை நம் வடகடலுக்கு இயற்கை தந்த ஒரு காவல். ஆனால் படகுகளுக்கு அது தடையல்ல. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. நீண்ட காலம் மூடியிருந்த நம் கடல்வாசல் திறப்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. வாசல் திறக்கும் வீட்டில் விளக்கும் இருக்கவேண்டும், வருபவரைப் பார்க்க ஓர் ஆளும் இருக்கவேண்டும்.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை இயங்குகிறது. துறைமுகங்களில் கப்பல்களைப் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. அதை நாங்கள் செய்ய முடியாது. ஆனால் நமது கரையில் இன்றைக்கு யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பதற்கு எந்த அதிகாரமும் தேவையில்லை. வீட்டிலே யார் இருக்கிறார்கள் என்று தெரியாதவருக்கு, வந்திருப்பவர் விருந்தாளி என்பதும் தெரியாது.

ஆகவே எங்கள் விண்ணப்பம் இது. நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் மணிக்கூட்டுக் கோபுரமும் எழுப்பும் யோசனைகள் நல்லவை. அவற்றோடு, செலவு குறைந்த ஒரு வேலையையும் சங்கம் ஏற்கவேண்டும். ஒரு சாண் அளவுச் சதுரப் பிளாஸ்ரிக் தகடுகளைக் கயிற்றில் கட்டி, துறையின் கம்பத்திலிருந்து, வற்றிலும் நீருக்குள் இருக்கத்தக்க ஆழத்தில் தொங்கவிடுவது. மூன்று மாதம் கழித்து எடுத்து, படம்பிடித்து, ஒட்டியிருப்பவற்றை இனம்பிரித்து எண்ணிக் கொப்பியில் எழுதுவது. உலகின் பல துறைமுகங்களில் ஆய்வாளர்கள் கையாளும் முறை இதுதான். உயர்தர உயிரியல் மாணவிகள் ஆசிரியர்களின் துணையோடு, கடற்றொழிலாளர் சங்கங்களின் அனுமதியோடு இதைச் செய்யலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல், கடற்றொழில் துறையினரிடம் வழிகாட்டல் கேட்கலாம். இனம் தெரியாத ஒன்று வந்தால், மெல்பேர்ணிலும் சென்னையிலும் இத்துறை அறிந்த நம் சகோதரிகளுக்குப் படத்தை அனுப்பலாம். ஒவ்வொரு கொப்பியையும் நூலகத்தில் பத்திரப்படுத்தவேண்டும். முதல் ஆண்டில் அதில் பெரிய புதினம் ஒன்றும் இராது. பத்தாம் ஆண்டில் அதற்கு விலைமதிப்பே இராது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறோம். தகட்டைத் தொங்கவிடப் போகும் பிள்ளைகள், துறையில் இருக்கும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதவேண்டும். ‘இது எப்ப தொடக்கம் காணுறியள், அப்பு? இதுக்கு என்ன பெயர், ஆச்சி?’ என்று கேட்கவேண்டும். எண்ணூரில் புதுச்சிப்பி தங்கள் ஆற்றை மூடுவதைத் தினமும் சேற்றில் கால்வைத்துக் கண்டவர்கள் மீனவர்கள். கண்டவர்களிடம் காலத்தோடு கேட்டு எழுதிவைக்க ஓர் ஏற்பாடு எந்தக் கரைக்கும் வேண்டும். படித்த பிள்ளைகள் நாம் செய்யக்கூடிய முதல் உதவி அந்தக் கேட்பும் எழுத்தும்தான்.

கடல் கடந்திருக்கும் சகோதரிகளே, நீங்கள் இருக்கும் இடத்திலும் சிறு வேலை உண்டு. ஏரிக்கோ குடாவுக்கோ பிள்ளைகளோடு படகில் போனால், வேறு நீருக்குப் போகமுன் படகைக் கழுவுங்கள், நீரை வடியுங்கள், காயவிடுங்கள். ஒன்ராறியோவில் இப்போது அது விதியாகவே இருக்கிறது. தொட்டியில் வளர்த்த மீனையும் பாசியையும் ஆற்றில் விடாதீர்கள்.

கல்லூரியில் முதல் தகட்டை அடுத்த தவணையிலேயே தொங்கவிடலாம் என்று எண்ணுகிறோம். தகட்டுக்கும் கயிற்றுக்கும் கொப்பிக்குமான முதல் ஆண்டுச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பின் வரும் ஆண்டுகளை ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்க முன்வருமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.